வேர்ப்பூஞ்சைகளும் அரிய தாவரங்களின் பாதுகாப்பும்

வேர்ப்பூஞ்சை அல்லது மைக்கோரைசா என்பது தாவரத்தின் வேரும் பூஞ்சையும் சேர்ந்து நடத்தும் கூட்டு வாழ்க்கையாகும். பள்ளிப் பாடநூல்களில் இதைப் பூஞ்சைவேரி என்றும் எழுதுவர். இதன் ஒரு வகையை வேளாண் துறையினர் வேர் உட்பூசணம் என்றும் சுருக்கமாக 'வேம்' என்றும் அழைக்கின்றனர். நிலத்தில் வளரும் தாவர இனங்களில் பத்தில் எட்டுக்கும் மேற்பட்டவை ஏதோ ஒரு வகைப் பூஞ்சையுடன் இந்த உறவு கொண்டவை. சோளம், வாழை, மா, தென்னை, பைன், ஆர்க்கிட் எல்லாம் இதில் அடங்கும்.

அழிந்துவரும் ஒரு தாவரத்தைக் காப்பாற்ற அதன் விதையைச் சேமித்து, நாற்று வளர்த்து, காட்டில் கொண்டுபோய் நட்டால் போதும் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. பல தாவரங்களுக்கு இது போதுவதில்லை. நட்ட செடி சில ஆண்டுகள் உயிரோடு இருக்கலாம், பூக்கவும் செய்யலாம். ஆனால் அதன் விதை அந்த மண்ணில் முளைக்கவில்லை என்றால், அந்தச் செடி பட்டுப்போகும் நாளில் இனமும் அங்கே முடிந்துவிடும். விதை முளைக்கவும் நாற்று பிழைக்கவும் எந்தப் பூஞ்சை தேவையோ, அந்தப் பூஞ்சையும் அங்கே இருக்க வேண்டும். தாவரத்தைக் காப்பது என்றால் அதன் பூஞ்சையையும் சேர்த்துக் காப்பது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பெயரும் தொன்மையும்

மைக்கோரைசா என்ற சொல்லை 1885-ஆம் ஆண்டில் செருமானியத் தாவரவியலாளர் ஆல்பர்ட் பெர்ன்ஹார்டு ஃபிராங்க் உருவாக்கினார். கிரேக்க மொழியில் 'மைக்கெஸ்' என்றால் பூஞ்சை, 'ரைசா' என்றால் வேர். பிரஷ்ய அரசு அவரிடம் கொடுத்த வேலை வேறு. டிரஃபிள் என்னும் விலையுயர்ந்த நிலத்தடிக் காளானைப் பயிரிட வழியுண்டா என்று ஆராயவே அவரைப் பணித்தனர். டிரஃபிளைத் தேடி மரங்களின் அடியைத் தோண்டிய ஃபிராங்க், மரங்களின் நுனிவேர்கள் பூஞ்சை இழைகளால் உறை போட்டதுபோல் மூடப்பட்டிருப்பதைக் கண்டார். அந்த மரங்கள் நோயுற்றிருக்கவில்லை, நன்றாகவே செழித்திருந்தன. பூஞ்சை மரத்துக்கு உணவூட்டுகிறது என்று அவர் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. பூஞ்சை என்றாலே நோய் என்று எண்ணிய காலம் அது.

இந்த உறவின் வயது நாம் நினைப்பதைவிட மிக அதிகம். ஸ்காட்லாந்தில் ரைனி என்னும் ஊருக்கு அருகே கிடைத்த புதைபடிவங்கள் ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகள் பழமையானவை. அவற்றில் உள்ள தொடக்ககால நிலத் தாவரங்களின் திசுக்களுக்குள் பூஞ்சை இழைகளும், இன்றைய வேர்ப்பூஞ்சைகளில் காணப்படும் அதே கிளைத்த அமைப்புகளும் தெளிவாகத் தெரிகின்றன. அந்தத் தாவரங்களில் சிலவற்றுக்கு உண்மையான வேரே கிடையாது. ஆகவே, வேர் தோன்றுவதற்கு முன்பே தாவரத்துக்குப் பூஞ்சைத் துணை இருந்தது எனலாம்.

கொடுக்கல் வாங்கல்

மழைக்காலத்தில் நாம் காணும் காளான் பூஞ்சையின் முழு உடல் அன்று. மாமரத்துக்கு மாங்காய் எப்படியோ, அப்படித்தான் பூஞ்சைக்குக் காளான். அதன் உடல் மண்ணுக்குள் நூல்போலப் படர்ந்த இழைத்தொகுதியாகும். ஓர் இழையின் தடிமன் பெரும்பாலும் 2 முதல் 10 மைக்ரோமீட்டர்தான். வேர்த்தூவியைவிடவும் மெல்லியது என்பதால், வேர் நுழைய முடியாத மண் இடுக்குகளிலும் அது நுழைந்துவிடும்.

இதன் பயன் மணிச்சத்து எனப்படும் பாஸ்பரசில் நன்றாகத் தெரியும். தழைச்சத்தின் நைட்ரேட் வடிவம் நீரில் கரைந்து வேரை நோக்கி வந்துவிடும். பாஸ்பரஸ் மண் துகள்களோடு ஒட்டிக்கொள்வதால் அப்படி எளிதில் நகராது. வேர் தன்னைச் சுற்றியுள்ள சில மில்லிமீட்டர் பரப்பில் இருப்பதை உறிஞ்சிய பின், அந்தப் பகுதி வெறுமையாகிவிடும். பூஞ்சை இழைகள் அந்த வெற்று வட்டத்தைத் தாண்டிப் பல சென்டிமீட்டர் தொலைவுக்குப் பரவிப் பாஸ்பரசைக் கொண்டுவருகின்றன. துத்தநாகம், செம்பு, நைட்ரஜன், ஓரளவு நீர் ஆகியவையும் இவ்வழியே வேரை அடைகின்றன.

இதற்கு ஈடாகத் தாவரம் சர்க்கரையும் கொழுப்பும் தருகிறது. ஒளிச்சேர்க்கையில் தாவரம் உருவாக்கும் கரிமத்தில் ஏறத்தாழ 4 முதல் 20 விழுக்காடு வரை பூஞ்சைக்குச் செல்வதாக ஆய்வுகள் கூறுகின்றன. உலகெங்கும் தாவரங்களிலிருந்து வேர்ப்பூஞ்சைகளுக்குச் செல்லும் கரிமம் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,300 கோடி டன் கார்பன் டைஆக்சைடுக்குச் சமம் என 2023-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அதில் ஒரு பகுதியே மண்ணில் நீண்ட காலம் தங்கும்.

இருவரும் சந்திப்பதற்கு வேதிச் சைகைகள் உதவுகின்றன. பாஸ்பரஸ் பற்றாக்குறையில் இருக்கும் வேர், ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற பொருளை மண்ணில் கசியவிடுகிறது. அதை உணர்ந்த பூஞ்சை இழைகள் கிளைத்து வேரை நெருங்குகின்றன. சோளத்திலும் கரும்பிலும் உழவருக்குத் தொல்லை தரும் சுடுமல்லி என்ற ஒட்டுண்ணிக் களையும் இதே சைகையை ஒட்டுக்கேட்டுத்தான் முளைக்கிறது. நண்பனுக்கு அனுப்பிய அழைப்பு பகைவன் காதிலும் விழுவதைப் போன்றது இது.

முக்கிய வகைகள்

வேர்ப்பூஞ்சைகளில் நான்கு வகைகள் முதன்மையானவை.

1. உள்வேர்ப்பூஞ்சை: இதன் இழைகள் வேர்ச் செல்லின் சுவரைக் கடந்து, உள்ளே சிறு மரம்போலக் கிளைக்கின்றன. பெரும்பாலான பயிர்களிலும் வெப்பமண்டல மரங்களிலும் காணப்படுவது இதுதான். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உழவர்களுக்குப் பரிந்துரைக்கும் 'வேம்' உயிர் உரம் இவ்வகையைச் சேர்ந்தது.

2. புறவேர்ப்பூஞ்சை: இது செல்லுக்குள் நுழையாமல், நுனிவேரைச் சுற்றி உறைபோல அமைந்து செல்களுக்கு இடையே மட்டும் படரும். பைன், ஓக், யூக்கலிப்டஸ், சால் மரங்களில் இதைக் காணலாம். நடு இந்தியச் சால் காடுகளில் பருவமழை தொடங்கியதும் மக்கள் தோண்டி எடுத்து உண்ணும் சில காளான்கள் இவ்வகைப் பூஞ்சைகளின் கனியுறுப்புகளே.

3. எரிக்காய்டு வேர்ப்பூஞ்சை: ரோடோடென்ட்ரான் குடும்பத்துக்கு உரியது. அமிலத்தன்மை மிகுந்த மலை மண்ணிலும் கரிமண்ணிலும் சத்துகளைப் பிரித்தெடுக்க உதவுகிறது.

4. ஆர்க்கிட் வேர்ப்பூஞ்சை: ஆர்க்கிட் குடும்பத்துக்கு மட்டும் உரியது. இழைகள் செல்லுக்குள் நூற்கண்டு போலச் சுருண்டு கிடக்கும்.

இந்த உறவு இல்லாத தாவரங்களும் உண்டு. கடுகு, முட்டைக்கோசு, முள்ளங்கி ஆகியவை அடங்கிய குடும்பத்திலும், கீரை வகைகள் அடங்கிய அமராந்தேசி குடும்பத்திலும் பெரும்பாலான இனங்கள் வேர்ப்பூஞ்சை இல்லாமலே வாழ்கின்றன.

ஆர்க்கிட் விதையின் சிக்கல்

பாதுகாப்புப் பணியில் பூஞ்சையின் இடத்தைப் புரிந்துகொள்ள ஆர்க்கிட் சிறந்த எடுத்துக்காட்டு. உலகில் ஏறத்தாழ 28,000 ஆர்க்கிட் இனங்கள் உள்ளன. பூக்கும் தாவரங்களின் மிகப் பெரிய குடும்பங்களுள் இது ஒன்று.

அவரை விதையைப் பிளந்து பார்த்தால் உள்ளே இரண்டு தடித்த வித்திலைகள் இருக்கும். முளைக்கும் கன்றுக்கு அதுவே கட்டுச்சோறு. ஆர்க்கிட் விதையில் அப்படி எதுவும் இல்லை. அது தூசிபோல இருக்கும். எடை பெரும்பாலும் ஒரு சில மைக்ரோகிராம் மட்டுமே. சில இனங்களில் ஒரே காயில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட விதைகள் இருக்கும். காற்றில் வெகுதூரம் பறக்க ஏற்ற இந்த விதை, போய் விழும் இடத்தில் சேமித்த உணவு இல்லாமல்தான் வாழ்வைத் தொடங்க வேண்டும்.

தோட்டக்காரர்கள் பல தலைமுறைகளாக ஆர்க்கிட் விதையை முளைக்கவைக்க முயன்று பெரும்பாலும் தோற்றனர். காரணத்தைக் கண்டறிந்தவர் நோயல் பெர்னார் என்ற இளம் பிரெஞ்சுத் தாவரவியலாளர். 1899-ஆம் ஆண்டில் பாரிசுக்குத் தெற்கே உள்ள ஃபோந்தேன்புளோ காட்டில், பறவைக்கூடு ஆர்க்கிட் என்ற இனத்தின் முளைவிட்ட விதைகளைக் கண்டார். முளைவிட்ட விதைகளுக்குள்ளெல்லாம் பூஞ்சை இருந்தது. விதை முளைப்பதற்கே பூஞ்சை நுழைந்தாக வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். பின்னர் அந்தப் பூஞ்சைகளைத் தனியே பிரித்து வளர்த்து, அவற்றோடு சேர்த்து விதைத்து முளைக்கவைத்தும் காட்டினார். 1911-இல் 36 வயதிலேயே காலமானார்.

நடப்பது இதுதான்: பூஞ்சை விதைக்குள் நுழைந்து செல்களுக்குள் சுருண்டு கொள்கிறது. ஆர்க்கிட் கரு அந்தச் சுருள்களைச் செரித்துச் சர்க்கரையும் பிற சத்துகளும் பெறுகிறது. அதனால் சிறு கிழங்குபோல் பருத்து, பிறகே இலையும் வேரும் விடுகிறது. இந்தக் கட்டத்தில் கொடுப்பது பூஞ்சை, வாங்குவது ஆர்க்கிட். பச்சை இலை வந்த பிறகு சில இனங்கள் பூஞ்சைக்குக் கரிமத்தைத் திருப்பித் தருவதும் சோதனைகளில் தெரியவந்துள்ளது.

1922-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயிஸ் நட்சன், சர்க்கரை கலந்த அகார் ஊடகத்தில் பூஞ்சையே இல்லாமல் ஆர்க்கிட் விதைகளை முளைக்கவைக்கலாம் என்று காட்டினார். கண்ணாடிக் குடுவைக்குள் பூஞ்சை செய்யும் வேலையைச் சர்க்கரை செய்துவிட்டது. இன்று பூக்கடைகளில் மலிவாக ஆர்க்கிட் கிடைப்பதற்கு அந்தக் கண்டுபிடிப்பு ஒரு முக்கியக் காரணம். ஆனால், பாதுகாப்புப் பணியில் அது ஒரு தவறான நம்பிக்கைக்கும் இடம்கொடுத்தது. ஆய்வகத்தில் ஆயிரம் செடிகளை உருவாக்கிவிட்டால் இனம் பிழைத்துவிடும் என்று எண்ணினர். காட்டு மண்ணில் யாரும் சர்க்கரைக் குடுவை வைப்பதில்லை.

நிலத்துக்கு அடியில் பூக்கும் ஆர்க்கிட்

இந்தச் சார்பு எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதை மேற்கு ஆஸ்திரேலியாவின் நிலத்தடி ஆர்க்கிட் காட்டுகிறது. இதன் அறிவியல் பெயர் ரைசாந்தெல்லா கார்ட்னெரி. 1928-ஆம் ஆண்டில் காரிகின் என்ற கோதுமைப் பகுதி ஊருக்கு அருகே ஓர் உழவரின் நிலத்தில் இது முதன்முதலில் கண்டெடுக்கப்பட்டது. இதற்கு இலை இல்லை, பச்சையம் இல்லை. வாழ்நாள் முழுவதும் மண்ணுக்குள்ளேயே இருக்கிறது. பூவும் மண்ணுக்கும் சருகுக்கும் அடியிலேயே மலர்கிறது.

வெயிலே படாத இந்தச் செடிக்கு உணவு எங்கிருந்து வருகிறது? அதன் உடலில் வாழும் ஒரு பூஞ்சை, பக்கத்தில் வளரும் மெலலூக்கா என்ற புதரின் வேரிலும் வாழ்கிறது. மெலலூக்கா ஒளிச்சேர்க்கையால் உருவாக்கும் சர்க்கரையைப் பூஞ்சை பெறுகிறது. பூஞ்சையிடமிருந்து ஆர்க்கிட் பெறுகிறது. அடையாளமிட்ட கரிமத்தைப் புதருக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வாளர்கள், அது பூஞ்சை வழியாக ஆர்க்கிட்டை அடைவதை 2010-ஆம் ஆண்டில் உறுதிப்படுத்தினர்.

புதர், பூஞ்சை, ஆர்க்கிட் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் இருந்தால்தான் இந்த இனம் வாழும். கோதுமை விளைவிக்க அப்பகுதியின் புதர்க்காடுகளில் பெரும்பகுதி அழிக்கப்பட்டது. காடு போனதும் நிலத்தடி நீர் உயர்ந்து உப்பு மேலே வந்தது. எஞ்சிய புதர்த் துண்டுகளும் வறட்சியில் நலிந்தன. காட்டில் அறியப்பட்ட செடிகள் 50-க்கும் குறைவு என்று 2011-ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் குறிப்பிட்டனர். இந்த ஆர்க்கிட்டின் விதையை மட்டும் எடுத்துக் குளிர்பதன அறையில் சேமித்து என்ன பயன்? அதை விதைக்க ஒரு புதர் வேண்டும், புதரின் வேரில் உரிய பூஞ்சை வேண்டும். ஆகவே மேற்கு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் மெலலூக்காவையும் பூஞ்சையையும் தொட்டியில் முதலில் சேர்த்து வளர்த்து, அதன் பிறகே ஆர்க்கிட் விதையை இட்டனர்.

களத்தில் செய்யப்படுவது என்ன?

பூஞ்சையைச் சேர்த்துக் காக்கும் பணி இன்று பல நாடுகளில் ஏறத்தாழ ஒரே வரிசையில் நடக்கிறது.

முதலில், அரிய ஆர்க்கிட்டின் பூஞ்சை எந்த மண்ணில் உள்ளது என்று அறிய வேண்டும். பூஞ்சையைக் கண்ணால் பார்க்க முடியாது. இதற்கு எளிய முறை ஒன்றை 1993-ஆம் ஆண்டில் ஹான்னே ராஸ்முசன், டென்னிஸ் விக்கம் ஆகிய இருவரும் வெளியிட்டனர். மிக நுண்ணிய நைலான் வலைக்குள் விதைகளை வைத்து, பழைய புகைப்பட ஸ்லைடுகளின் சட்டத்துக்குள் பொருத்தி மண்ணில் புதைத்துவிடுவர். பூஞ்சை இழை வலைக்கண் வழியே நுழையும், விதை வெளியே போகாது. சில மாதங்கள் கழித்துத் தோண்டிப் பார்த்தால், எங்கே விதை முளைத்திருக்கிறதோ அங்கே பூஞ்சை இருக்கிறது என்று பொருள். பூஞ்சையைத் தேடும் வேலையை விதையிடமே ஒப்படைக்கும் முறை இது.

இரண்டாவது, வேரிலிருந்து பூஞ்சையைப் பிரித்து வளர்ப்பர். மூன்றாவது, டி.என்.ஏ. மூலம் இனம் கண்டறிந்து, மைனஸ் 196 பாகை வெப்பநிலையில் திரவ நைட்ரஜனில் சேமிப்பர். விதை வங்கிக்குப் பக்கத்தில் பூஞ்சை வங்கியும் இருக்க வேண்டும் என்பதே இதன் கருத்து. நான்காவது, விதையையும் பூஞ்சையையும் ஒரே தட்டில் வளர்த்து, பூஞ்சை குடியேறிய நாற்றுகளைக் காட்டில் நடுவர். ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரின் கிங்ஸ் பார்க் தாவரத் தோட்டமும் விக்டோரியா மாநில அரச தாவரத் தோட்டமும், அமெரிக்காவில் சுமித்சோனியன் நிறுவனமும் இவ்வழியில் பணியாற்றுகின்றன.

முயற்சி வெற்றியா என்று அறியப் பிரிட்டனின் சீமாட்டிச் செருப்பு ஆர்க்கிட் நல்ல பாடம். அழகுக்காகப் பிடுங்கிப் பிடுங்கி 1917-இல் அற்றுப்போனதாகக் கருதப்பட்ட இந்த இனத்தின் ஒரே ஒரு செடி 1930-இல் யார்க்ஷயரில் கண்டறியப்பட்டது. கியூ தாவரத் தோட்டம் 1983-இல் தொடங்கிய ஆர்க்கிட் திட்டத்தில், முதிராத விதைகளை ஆய்வக ஊடகத்தில் முளைக்கவைத்து நாற்றுகள் உருவாக்கினர். 1989 முதல் அவற்றைக் களத்தில் நட்டனர். நட்டவற்றில் முதல் பூ 2000-ஆம் ஆண்டில்தான் மலர்ந்தது. தானாக விதை விழுந்து முளைத்த கன்று ஒன்று கண்டறியப்பட்ட செய்தியோ 2024-இல்தான் வந்தது. முதல் நாற்று நட்டதற்கும் இதற்கும் இடையே 35 ஆண்டுகள். நட்ட செடியைவிட அந்தத் தானாக முளைத்த கன்றே முக்கியம். விதையும் பூஞ்சையும் அந்த மண்ணில் சந்தித்துவிட்டன என்பதற்கு அதுவே சான்று.

மேற்குத் தொடர்ச்சி மலையில்

இந்தியத் தாவரவியல் அளவாய்வு நிறுவனம் 2019-இல் வெளியிட்ட கணக்கின்படி இந்தியாவில் 1,256 ஆர்க்கிட் இனங்கள் உள்ளன. இவற்றுள் 388 இனங்கள் இந்தியாவுக்கு மட்டுமே உரியவை. மேற்குத் தொடர்ச்சி மலை அவற்றின் முக்கிய உறைவிடங்களுள் ஒன்று.

அகத்தியமலைப் பகுதிக்கு உரிய பாஃபியோபெடிலம் ட்ரூரி என்ற மஞ்சள் நிறச் செருப்பு ஆர்க்கிட்டின் கதை பிரிட்டன் கதையை ஒத்தது. 1865-இல் ஹீபர் ட்ரூரி என்பவரால் கண்டறியப்பட்டு, ஆர்க்கிட் சேகரிப்போரின் பேராசையால் அருகி, பல காலம் யார் கண்ணிலும் படாமல் இருந்து, 1972-இல் மீண்டும் காணப்பட்டது. இன்று இது மிக அருகிய இனமாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. இதன் பன்னாட்டு வணிகமும் தடை செய்யப்பட்டுள்ளது. திருவனந்தபுரம் மாவட்டம் பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரத் தோட்ட ஆய்வு நிறுவனம் இதை ஆய்வகத்தில் பெருக்கும் முயற்சியை மேற்கொண்டது. கோயம்புத்தூர் பாரதியார் பல்கலைக்கழகத்தில் தென்னிந்திய ஆர்க்கிட்களின் வேர்ப்பூஞ்சைகள் பற்றிய ஆய்வுகள் நடந்துள்ளன. இவ்விரண்டு வகைப் பணிகளும் ஒன்றோடொன்று சேர வேண்டும். திசு வளர்ப்புக் கூடத்தில் பெருகிய செடிக்குக் காட்டில் தலைமுறை தொடர வேண்டுமானால், புல்வெளியில் எந்த இடத்தில் எந்தப் பூஞ்சை உள்ளது என்ற வரைபடமும் வேண்டும்.

மண்ணுக்கு அடியில் நேரும் இழப்பு

காட்டில் மரம் விழுந்தால் எல்லோருக்கும் தெரியும். பூஞ்சை மறைந்தால் யாருக்கும் தெரியாது. அது மறைவதற்கான காரணங்கள் பல.

காடு அழிப்பு முதன்மையானது. புறவேர்ப்பூஞ்சை, தன் துணை மரம் போனபின் நெடுங்காலம் உயிர்வாழாது. ஆழ உழுதல் இழைகளை அறுக்கிறது. பாஸ்பரஸ் உரத்தை அளவுக்கு மீறி இட்டால், தாவரமே பூஞ்சைக்கு உணவு தருவதைக் குறைத்துக்கொள்கிறது. காற்றிலிருந்து படியும் நைட்ரஜனும் தீங்கானது. நெதர்லாந்தில் கால்நடைப் பண்ணைகளிலிருந்தும் வாகனங்களிலிருந்தும் வந்த நைட்ரஜன் மாசினால், 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காட்டு மரங்களின் வேர்ப்பூஞ்சைக் காளான்கள் பல இனங்களில் வெகுவாகக் குறைந்ததைப் பதிவு செய்துள்ளனர். மரங்கள் நின்றுகொண்டுதான் இருந்தன, அவற்றின் துணைகளே குறைந்துபோயின.

எந்தப் பூஞ்சையும் ஆகுமா?

பூஞ்சைதான் தேவை என்றால், வாங்கிவந்து தூவிவிடலாமே என்று தோன்றும். இங்கே எச்சரிக்கை வேண்டும்.

ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் பைன் மரங்களைத் தென் அரைக்கோளத்துக்குக் கொண்டுசென்றபோது, பல இடங்களில் நாற்றுகள் மஞ்சளித்துக் குன்றின. அந்த மண்ணில் பைனுக்கு உரிய பூஞ்சை இல்லை. மேற்கு ஆஸ்திரேலியாவில் 1920-களில் நன்கு வளர்ந்த பைன் தோப்பின் மண்ணை நாற்றங்காலில் கலந்தபோது நாற்றுகள் தேறின. உரிய பூஞ்சையின் ஆற்றலை இது காட்டியது. ஆனால், அதே பூஞ்சைகள் பின்னர் அர்ஜென்டினா, நியூசிலாந்து போன்ற நாடுகளில் பைன் மரங்கள் தோப்பை விட்டு வெளியேறி இயற்கைப் புல்வெளிகளை ஆக்கிரமிக்கவும் உதவின. ஐரோப்பிய மரங்களின் வேரோடு பயணம் செய்த 'மரணத் தொப்பி' என்ற கொடிய நச்சுக் காளான் இன்று ஆஸ்திரேலியாவிலும் வட அமெரிக்காவிலும் பரவி, உண்டவர்களின் உயிரைப் பறித்து வருகிறது.

எனவே பாதுகாப்புப் பணியில் வேண்டியது அந்தந்த இடத்தின் பூஞ்சை. நெதர்லாந்தில் கைவிடப்பட்ட வேளாண் நிலத்தின் மேல்மண்ணை அகற்றிவிட்டு, அதன்மேல் புல்வெளி மண்ணையோ புதர்க்காட்டு மண்ணையோ மெல்லிய அடுக்காகப் பரப்பினர். சில ஆண்டுகளில், புல்வெளி மண் பரப்பிய இடம் புல்வெளியாகவும் புதர்க்காட்டு மண் பரப்பிய இடம் புதர்க்காடாகவும் மாறத் தொடங்கியதை 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. மண்ணோடு வந்த விதைகளுக்கும் பிற நுண்ணுயிர்களுக்கும் இதில் பங்குண்டு. ஆயினும் எந்த மண் வருகிறதோ அந்தக் காடு வரும் என்ற பாடம் தெளிவானது.

மிகைப்படுத்தலும் கூடாது. காட்டு மரங்கள் பூஞ்சை வலை வழியாகத் தம் கன்றுகளை அடையாளம் கண்டு ஊட்டுகின்றன என்ற செய்தி இணையத்தில் பரவலாக உள்ளது. மரங்களுக்கிடையே கரிமம் நகர்வதைக் காட்டும் ஆய்வு 1997-இல் வந்தது உண்மை. ஆனால் அந்த நகர்வு பூஞ்சை வலை வழியாகத்தான் நடக்கிறது, அது கன்றுகளுக்குப் பயன் தருகிறது என்பதற்குக் களச் சான்று போதாது என்று 2023-இல் மூன்று ஆய்வாளர்கள் இதுவரையான ஆய்வுகளைத் தொகுத்துச் சுட்டிக்காட்டினர். பூஞ்சையைக் காக்க உறுதியான காரணங்களே போதும், கற்பனை தேவையில்லை.

சட்டமும் கணக்கெடுப்பும்

வனவிலங்குச் சட்டங்களும் பாதுகாப்பு ஒப்பந்தங்களும் விலங்கு, தாவரம் என்ற இரண்டையே நெடுங்காலம் பேசிவந்தன. சிலி நாடு 2010-ஆம் ஆண்டில் தன் சுற்றுச்சூழல் சட்டத்தில் பூஞ்சைகளையும் சேர்த்து முன்னோடியானது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் மதிப்பிடப்பட்ட பூஞ்சை இனங்கள் 2025-இல்தான் ஆயிரத்தைத் தாண்டின. அவ்வாண்டில் மதிப்பிடப்பட்டிருந்த ஏறத்தாழ 1,300 இனங்களில் 411 அழியும் ஆபத்தில் உள்ளவை. அதே ஆண்டில் வெளியான ஓர் உலக வரைபட ஆய்வு, வேர்ப்பூஞ்சை வளம் மிகுந்த இடங்களில் 10 விழுக்காட்டுக்கும் குறைவான பகுதியே பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் வருகிறது என்று கண்டது.

மாணவர்கள் நேரில் காண ஒரு சோதனை

வேர்ப்பூஞ்சையைப் பள்ளி ஆய்வகத்திலேயே காணலாம். சோளத்தின் மெல்லிய வேர்களைக் கழுவி, 10 விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் சில நிமிடங்கள் கொதிக்கவைத்தால் நிறம் நீங்கும். இந்தக் கரைசல் தோலையும் கண்ணையும் அரிக்கும், ஆகவே இதை ஆசிரியரே செய்ய வேண்டும். வேர்களை நன்கு அலசி, 5 விழுக்காடு கறுப்புப் பேனா மை கலந்த வினிகரில் மூன்று நிமிடம் கொதிக்கவைக்க வேண்டும். பிறகு சில துளி வினிகர் சேர்த்த நீரில் அலசி நுண்ணோக்கியில் வைத்தால், நிறமேறிய பூஞ்சை இழைகள் வேருக்குள் ஓடுவது தெரியும். கடுகு வேரையும் இப்படியே செய்து பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும்.

மரக்கன்று நடும் விழாக்களில் பங்கேற்போர் ஒன்றை நினைவில் கொள்ளலாம். உள்ளூர்க் காட்டு மரக் கன்றை நடும்போது, அருகில் நலமாக வளர்ந்த அதே இன மரத்தடியிலிருந்து ஒரு கைப்பிடி மேல்மண்ணைக் குழியில் இடுவது நல்லது. வேறு மாவட்டத்து மண்ணையோ நோயுற்ற மரத்தடி மண்ணையோ கொண்டுவரக் கூடாது. மரத்தடிச் சருகைக் கொளுத்தாமல் விடுவதும் பூஞ்சைக்கு உதவும்.

தாவரவியல் தேர்வில் வேரின் படம் வரைந்து பாகம் குறிக்கச் சொல்கிறோம். வேர்மூடி, வேர்த்தூவி, வளர்நுனி என்று மாணவர்கள் சரியாகவே குறிக்கிறார்கள். வேரைச் சுற்றியும் உள்ளேயும் ஓடும் பூஞ்சை இழையையும் அந்தப் படத்தில் வரையக் கற்றுக்கொடுத்தால், நாளை அவர்களில் ஒருவர் வனத்துறையிலோ தாவரத் தோட்டத்திலோ பணியாற்றும்போது, அரிய செடியின் விதையோடு அதன் வேர்மண்ணையும் சேர்த்தே சேகரிக்க நினைவு வரும்.